போடிமெட்டுக்கு இருபுறமும் எத்தனை சபை?

போடிநாயக்கனூர், பொட்டிபுரம், தேவாரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைகின்றன. அடிவாரத்துக் கிறிஸ்தவர்களிடம் "நீங்க என்ன சபை?" என்று கேட்டால் ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். மேட்டைத் தாண்டிப் பூப்பாறை, ராஜகுமாரி, மூணாறு என்று போகப் போக சீரோ மலபார், யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ் என்று பெயர்கள் கூடிக்கொண்டே போகும்.

உலகம் முழுக்க எண்ணினால் கிறிஸ்தவப் பிரிவுகள் 45,000-க்கும் மேல் என்று ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. கிறிஸ்தவம் சிதறிக் கிடக்கிறது என்பதற்குச் சான்றாக மேடைகளில் வீசப்படும் எண் இது. இதற்கு அடித்தளம் போட்டவர் டேவிட் பாரெட். விமானப் பொறியாளராக இருந்து ஆங்கிலிக்கன் குருவானவர் ஆனவர். கென்யாவில் ஊழியம் செய்தவர். 1982-இல் வெளிவந்த அவருடைய உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியம் சுமார் 20,800 பிரிவுகளைக் காட்டியது. 2001-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 33,000-ஐத் தாண்டியது. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது: ஒரு நாட்டுக்குள் அமைப்பாக இயங்கும் சபை, அந்த நாட்டில் ஒரு பிரிவு. அதே சபை பத்து நாடுகளில் இருந்தால் பத்துப் பிரிவுகள். போப்பின் தலைமையில் இருக்கும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபை இந்த விதிப்படி இருநூறுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பதிவானது. எண்ணை மேற்கோள் காட்டுபவர்களில் எத்தனை பேர் இந்த விதியைச் சேர்த்துச் சொல்கிறார்கள்?

எண்ணும் விதத்தை இந்த மலைச்சரிவிலேயே வைத்துப் பார்க்கலாம். போடியின் ஆர்.சி. மக்கள், அதாவது லத்தீன் கத்தோலிக்கர், மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மூணாறின் லத்தீன் கத்தோலிக்கர் விஜயபுரம் மறைமாவட்டத்தார். ராஜகுமாரியின் சீரோ மலபார் மக்கள் 2003-இல் அமைந்த இடுக்கி மறைமாவட்டத்தார். மூவருக்கும் போப் ஒருவரே. ஆனால் சீரோ மலபார் தனக்கென வழிபாட்டு முறையும் ஆயர் மன்றமும் கொண்ட தன்னாட்சித் திருச்சபை. கத்தோலிக்கச் சட்டப்படி இத்தகைய திருச்சபைகள் உலகில் 24. இந்தியாவில் லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என மூன்று. விசுவாசத்தைக் கொண்டு எண்ணினால் ஒன்று, திருச்சபைச் சட்டத்தைக் கொண்டு எண்ணினால் மூன்று.

சி.எஸ்.ஐ. கதை இன்னும் சுவையானது. அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றி, அங்கிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். பெரியகுளம் வரை பரவிய அமெரிக்கன் மதுரை மிஷன் இப்படித்தான் பிறந்தது. அதன் சபைகள் 1908-இல் பிரெஸ்பிட்டேரியன் சபைகளோடு சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஐக்கிய சபையும் ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் இணைந்து, 14 பேராயங்களோடு தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) உருவாக்கினார்கள். மூணாறில் தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர் எழுப்பிய கிறிஸ்து ஆலயமும் ஆங்கிலிக்கனாக இருந்து சி.எஸ்.ஐ. ஆனது இந்த வழியில்தான். பிஷப்பே கூடாது என்றிருந்தவர்களும் பிஷப் இல்லாமல் சபையே இல்லை என்றிருந்தவர்களும் ஒரே பந்தியில் அமர்ந்த நிகழ்ச்சி இது. உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் தமிழ் மண்ணுக்கு நிலையான இடம் தந்த ஒற்றுமை. ஆனால் யாழ்ப்பாணமும் அதே திருச்சபையின் பேராயம் என்பதால், நாட்டுவாரி விதியின்படி இது இந்தியாவில் ஒன்று, இலங்கையில் ஒன்று. சேர்ந்தவர்களையும் அந்த விதி எல்லைக்கோட்டில் பிரித்துவிடுகிறது.

யாக்கோபாய சபையும் ஆர்த்தடாக்ஸ் சபையும் இதற்கு நேரெதிர். வழிபாடு ஒன்று, கோட்பாடு ஒன்று; தலைமை யாருக்கு என்பதில்தான் தகராறு. 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் ஆலயச் சாவி யார் கையில் என்ற சண்டை ஓயவில்லை.

எண்ணிக்கை முறையின் பெரிய குறை வேறு. தென் தமிழ்நாட்டு நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் 1857-இல் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். நாடார் சமூகத்தைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூலைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். வெள்ளைக்காரர் பணமும் அதிகாரமும் வேண்டாம் என்று, பழைய ஏற்பாட்டின் வழியில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார். துணிச்சலான முயற்சி. ஆனால் பிரிவுகளை எண்ணும்போது இந்தச் சிறு சபைக்கும் ஒன்று, சுமார் இரண்டு கோடிப் பேர் கொண்ட இந்தியக் கத்தோலிக்கருக்கும் ஒன்று. ஆட்களை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகைகளை எண்ணினால் இதுதான் நடக்கும்.

பெயர்ப்பலகை அதிகம் மாறுவது சுயாதீனச் சபைகளில். ஒரு பாஸ்டர், தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு, ஒரு டிரஸ்ட் பதிவு. மேலே பிஷப் இல்லை, தலைமையகம் இல்லை. இது ஒரு பிரிவா, பெந்தெகொஸ்தே என்ற பெரிய குடும்பத்தில் ஒரு வீடா? விசுவாசிகள் தங்களைப் பெந்தெகொஸ்தே என்றே சொல்கிறார்கள்; பட்டியல் போடுபவர் தனி வரி எழுதுகிறார்.

அரசு இதில் இறங்குவதில்லை. பிரிட்டிஷ் காலக் கணக்கெடுப்புகள் கிறிஸ்தவர்களைச் சபைவாரியாக அட்டவணை போட்டன; 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 44 லட்சம் பேரும் வெறும் 'கிறிஸ்தவர்'. ஆனால் கல்யாணம் என்று வந்தால் சட்டம் சபையைப் பார்க்கும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பிஷப்பிடம் குருப்பட்டம் பெற்றவர் தம் சபை முறைப்படி திருமணம் செய்துவைக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை. அதனால் ஆர்.சி. ஃபாதருக்கும் சி.எஸ்.ஐ. ஐயருக்கும் சிக்கல் இல்லை. அப்படிப் பட்டம் பெறாத சுயாதீனச் சபைப் பாஸ்டர் அரசின் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பெண் வீட்டார் பந்தல் போடுவதற்கு முன் விசாரிக்க வேண்டிய விஷயம் அது.