சொட்டும் சுடுநீர்க் குழாய்: வாயைக் கட்டலாமா?



வீட்டில் குழாய் சொட்டினால் என்ன செய்வீர்கள்? "வாஷர் போயிருக்கும், மாத்திடலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று ரிங்கிட் வீணானது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மயிரிழையில் தப்பிப் போனது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பாடாங் செராயில் எங்கள் தாமான் வீட்டுச் சமையலறையில் ஓர் உடனடிச் சுடுநீர்க் குழாய் இருக்கிறது. சிங்கிக்கு அடியில் 2.5 லிட்டர் கலன். மேலே வளைந்த சிறிய குழாய். கைப்பிடியைத் திருப்பினால் மைலோ கலக்கச் சுடுநீர் தயார். சில மாதங்களுக்கு முன், இரண்டு நாள் தண்ணீர்த் தடைக்குப் பிறகு, அது சொட்டத் தொடங்கியது.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீடுகளுக்குப் பொதுவான குழாய் ஒழுகினால், பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிக் கட்டிவிடுவார்களாம். அன்று மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது, சுடுநீர்க் குழாயின் வாயிலும் அதே வைத்தியம் நடந்திருந்தது.

"கட்டிட்டேன், இப்ப சொட்டல பாரும்மா" என்றார்.

உண்மையிலேயே சொட்டவில்லை. ஆனால் கலனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, கலன் ஆறும்வரை காத்திருந்து ரப்பரைக் கழற்றினேன். ஏன் அவ்வளவு அவசரம்? அதைப் புரிந்துகொள்ள, இந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

கைப்பிடி எதைத் திறக்கிறது?

சாதாரணக் குழாயில் கைப்பிடியைத் திருப்பினால், உள்ளே ஒரு ரப்பர் வாஷர் மேலெழும்பித் தண்ணீருக்கு வழிவிடும். மூடினால் அது கீழே அமர்ந்து வழியை அடைக்கும். இந்தத் திருகுக் குழாய்க்கு இங்கிலாந்தின் ரோதர்ஹாம் நகரிலுள்ள கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனத்தினர் 1845இல் காப்புரிமை பெற்றார்கள். வாஷர் தேய்ந்தால் குழாய் சொட்டும். அதில் குழப்பமில்லை.

எங்கள் வீட்டுச் சுடுநீர்க் குழாயின் அமைப்பு வேறு. கலனிலிருந்து குழாய் வாய் வரைக்கும் சுடுநீர் போகும் பாதையில் வால்வே கிடையாது. அந்தப் பாதை எப்போதும் திறந்தே இருக்கும். கைப்பிடி திறப்பது, கலனுக்குள் நுழையும் பச்சைத்தண்ணீரின் வழியை. கீழே பச்சைத்தண்ணீர் புகப் புக, மேலே இருக்கும் சுடுநீர் தள்ளப்பட்டு வாய் வழியாக வெளியே வருகிறது. நிரம்பிய வாளியில் கல்லைப் போட்டால் தண்ணீர் வழிகிறதல்லவா, அதே இடப்பெயர்ச்சிதான்.

வாயைத் திறந்தே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் சூடாகும்போது விரிவடையும். விரிந்த நீர் போக இடம் வேண்டும்.

எவ்வளவு விரியும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்க் குழாய்நீரின் வெப்பநிலை 28 °செ. என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு லிட்டர் நீரின் எடை சுமார் 996 கிராம். 90 °செ. வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரின் எடை சுமார் 965 கிராம்தான்.

2.5 லிட்டர் குளிர்ந்த நீர் = 2.5 × 996 = 2490 கிராம்
90 °செ.இல் அதன் கன அளவு = 2490 ÷ 965 = 2.58 லிட்டர்

அதாவது 0.08 லிட்டர், 80 மில்லிலிட்டர் கூடுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு. ஆக, ஒரு முறை முழுக் கலனும் சூடாகும்போது 1600 சொட்டுத் தண்ணீர் இடம் தேடுகிறது!

இதற்காகவே கலனோடு ஒரு சிறிய விரிவறை வைத்திருப்பார்கள். விரியும் நீர் அங்கே போய்த் தங்கும். அடுத்த முறை நாம் குழாயைத் திறக்கும்போது, ஓடும் நீர் ஒரு சிறு துளை வழியாக அதை உறிஞ்சித் தன்னோடு கொண்டு போய்விடும்.

இப்போது வாயைக் கட்டினால் என்ன ஆகும்? நீர் எளிதில் அமுங்கும் பொருள் அல்ல. முற்றிலும் மூடிய, சற்றும் விரியாத கலனில் நீர் நிரம்பியிருந்தால், 60 °செ. அருகில் ஒரே ஒரு பாகை வெப்பம் கூடினாலும் அழுத்தம் 10 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறும். எங்கள் கலன் அவ்வளவு உறுதியானது இல்லை. அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே ஓர் இணைப்பு பிளந்திருக்கும்; அல்லது ரப்பர் நழுவிச் சுடுநீர் பீய்ச்சியடித்திருக்கும். 60 °செ. நீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். 90 °செ. நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அம்மாவின் வைத்தியம் தோட்டத்துக் குழாய்க்குச் சரி. அங்கே இருந்தது பச்சைத்தண்ணீர்.

நான் செய்த தவறு

ரப்பரைக் கழற்றியாயிற்று. மறுநாள் ஹார்டுவேர் கடைக்குப் போய் மூன்று ரிங்கிட்டுக்குப் புதிய வாஷர் வாங்கி வந்து மாற்றினேன். பழைய வாஷரைக் கையில் எடுத்துப் பார்த்தபோதே அது நன்றாக இருந்தது தெரிந்தது. இருந்தும் மாற்றினேன். அடுத்த நாள் காலையிலும் குழாய் சொட்டியது.

வகுப்பில் உங்களிடம் "முதலில் உற்றுநோக்கு, பிறகு கருதுகோள், பிறகு சோதனை" என்று சொல்கிறவள் நான். வீட்டில் நேராக முடிவுக்குத் தாவிவிட்டேன். பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை: மின்சாரத்தை அணைத்து, சில மணி நேரம் கலனை ஆறவிட்டேன். சொட்டுவது நின்றது. வாஷர் பழுதென்றால், சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சைத்தண்ணீர் கலனுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். வாயும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது சோதனை: சிங்கிக்கு அடியில் உள்ள வால்வை மூடி, கலனுக்குத் தண்ணீர் போகாமல் தடுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டேன். சில நிமிடங்களில் மறுபடியும் சொட்டியது. வெளியிலிருந்து ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. அப்படியானால் சொட்டுவது கலனுக்குள் ஏற்கெனவே இருந்த நீர்தான்.

மூன்றாவது சோதனை: சொட்டும் நீரை அளவுக் குவளையில் பிடித்தேன். சூடேறி முடியும்வரை சேர்ந்தது ஏறக்குறைய 75 மில்லிலிட்டர். கணக்கில் வந்தது 80. கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கும். கலனின் வெப்பநிலையும் மிகச் சரியாக 90 °செ. என்று சொல்ல முடியாது. விடை கிடைத்துவிட்டது: விரியும் நீரை விரிவறை ஏற்கவில்லை.

பழுது பார்க்க வந்தவர் மின்சாரத்தைத் துண்டித்து, கலனை வடித்து, திறந்து பார்த்தார். விரிவறையின் உறிஞ்சும் துளையில் மணலும் துருவும் அடைத்திருந்தன. தண்ணீர்த் தடை முடிந்து முதலில் வந்த கலங்கல் நீரின் வேலை. துளையைச் சுத்தம் செய்தார். உச்சத்தில் இருந்த வெப்பநிலைத் திருகைச் சற்றுக் குறைத்தார். அவ்வளவுதான். இன்றுவரை சொட்டவில்லை.

உங்கள் வீட்டில் சொட்டினால்

எப்போது சொட்டுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள்.

சூடேறும்போது மட்டும் சொட்டினால், விரிவுதான் காரணம். நீண்ட நாள் பயன்படுத்தாத குழாயில் விரிவறை நிரம்பியிருக்கலாம். ஓரிரு குவளை நீரைத் திறந்துவிட்டுப் பாருங்கள்.

ஆவியோடு கொப்பளித்துத் துப்பினால், கலனுக்குள் நீர் கொதிக்கிறது. வெப்பநிலைத் திருகைக் குறைக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தைப் பிடிக்கும் என்பதை மறவாதீர்கள்.

ஆறிய பிறகும் ஓயாமல் சொட்டினால், வாஷரோ வால்வோ பழுது. அதை மாற்றலாம், ஆனால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். நீர் ஆறட்டும். அடி வால்வை மூடுங்கள். பழைய வாஷரையே கடைக்குக் கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள். மாட்டி முடித்ததும், குழாய் வாயில் நீர் சீராக ஓடும்வரை கலனை நிரப்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெறும் கலனில் சூடேற்றி எரிந்து போகும்.

கலனைத் திறப்பது, மின்கம்பியைத் தொடுவது இரண்டும் நம் வேலை இல்லை. அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் இருக்கிறார்.

குளியலறையில் தொட்டி வகை ஹீட்டர் இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். நீர் சூடேறும்போது அதுவும் சில சொட்டு விடலாம். 1679இல் டெனிஸ் பப்பின் தன் அழுத்தக் கலனுக்குப் பொருத்திய பாதுகாப்பு வால்வின் வாரிசு அது. அதன் வாயை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

நீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் சமையலறைக் குழாய்களும் இருக்கின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி பெட்டேரி 1970இல் உடனடி சூப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, "சூப் உடனே வருமென்றால் கொதிநீரும் உடனே வர வேண்டாமா?" என்று யோசித்ததில் பிறந்த வகை அது. அதற்குள் நீர் 100 °செ.க்கு மேல் இருக்கும். அது சொட்டினால் நாம் கை வைக்கவே கூடாது.

சொட்டுதானே என்று விடலாமா?

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு; ஏறத்தாழ 4.3 லிட்டர். ஓராண்டில் 1500 லிட்டருக்கு மேல். அது 90 °செ. சுடுநீராக இருந்தால், 28 °செ.இலிருந்து சூடேற்ற நாளுக்குச் சுமார் 0.31 யூனிட் மின்சாரம் செலவாகும். ஆண்டுக்கு 113 யூனிட். படிவம் 4 மாணவர்கள் தன்வெப்பக் கொள்ளளவுச் சூத்திரத்தைக் கொண்டு இதைச் சரிபாருங்கள்.

செய்து பாருங்கள்

சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றில் வண்ணம் கலந்த நீரை விளிம்புவரை நிரப்புங்கள். ஓர் உறிஞ்சுகுழலைச் செருகி, புட்டியின் வாயைச் சுற்றிக் களிமண்ணால் அடையுங்கள். குழலின் மேல்முனை திறந்தே இருக்கட்டும். நீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீர் உள்ள பாத்திரத்தில் புட்டியை வையுங்கள். குழலில் நீர் ஏறுவதைக் காண்பீர்கள். எங்கள் வீட்டுக் குழாய் சொட்டியதும் இதே காரணத்தால்தான்.

இந்தச் சோதனையை அம்மாவுக்கும் செய்து காட்டினேன். ஏறிய நீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டியூப் பட்டையை எடுத்துப் போய் வாசல் குழாயில் கட்டினார். அது பச்சைத்தண்ணீர்க் குழாய். நான் ஒன்றும் சொல்லவில்லை.