ஒலியில் ஒரு வழுவமைதி

பொறி முழக்கும் தாளத்திற் செவிக்கு வேலையில்லை என்பார் உளர். ‘ட்றம் மெசின்’ எனப்படும் முழவுப்பொறியைத் தம் கையாற் பூட்டிப் பார்த்தவர் அங்ஙனம் கூறார்.

அமெரிக்காவின் ஒக்கிளகோமாவிலிருந்த பாயா நிறுவனம் 1975 இல் இத்தகைய பொறியொன்றைத் தனித்தனி உறுப்புக்களாகவே விற்றது. பூட்டுவது வாங்கியவர் பொறுப்பு. அவ்வழக்கம் இன்றும் உண்டு. யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1980 முதல் 1983 வரை ஆக்கிய ரீ.ஆர்.-808 பொறிகள் ஏறத்தாழ 12,000 மாத்திரமே. இன்று அவற்றின் விலை எட்டாக்கனி. ஆதலின் அதனை ஒத்த சுற்றுக்களைத் தாமே பூட்டுவோர் பலராயினர். என் பழைய மாணாக்கர் ஒருவரும் பூட்டினார். யான் அருகிருந்து விளக்குப் பிடித்தேன்.

முதலிடர் நிறத்தில். மூன்று சிவப்புக் கோடுடைய தடையி 2,200 ஓம். மூன்றாங்கோடு செம்மஞ்சளாயின் 22,000 ஓம். மங்கிய ஒளியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். லகர ளகர மயக்கம் பொருளைக் கெடுப்பதினும் கொடிது இது. சில கொள்ளளவிகளை முனைமாற்றிப் பூட்டின் வெடித்தலுங் கூடும். பற்றாசு சரியாகப் பிடியாத இடத்தைத் தேடியே இரண்டு இரவுகள் கழிந்தன.

பேரிகையொலி தருஞ் சுற்று மணியை ஒத்தது. மின்துடிப்பொன்று தட்ட, அதிர்வு எழுந்து தேயும். தேய்வை நீட்டுதற்கு எழுந்த ஒலியிற் சிறு பங்கை மீள உட்செலுத்துவர். பங்கு மிகுந்தாலோ, முழவு ஓயாது ஊளையிடும்!

இவையெல்லாம் அளவுகருவிக்கு அடங்குவன. அடங்காதது இரைச்சல். 808 இல் ‘சர்’ரென்னும் ஒலிக்கு மூலம் ஒரு திரான்சிற்றர். றோலண்ட் நிறுவனர் இக்குதாறோ ககேகாசி (1930–2017), வழுவுடையனவென்று தள்ளப்பட்ட திரான்சிற்றர்களை வாங்கி, வேண்டிய இரைச்சல் தருவனவற்றைத் தெரிந்தெடுத்தார். உற்பத்தி திருந்தியபின் அத்தகையன கிடைத்தில. அப்பொறியின் ஆக்கம் நின்றமைக்கு அதுவும் ஒரு காரணம். இலக்கணங் கற்றோர் இதனை வழுவமைதியென உடனே உணர்வர். வழு என்று களைந்துவிட்டால் ஒலியின் உயிரும் உடன்போகும்.

மாணாக்கரின் பொறி அளவிற் பிழையின்றி அமைந்தும், இரைச்சல் மெலிந்தே ஒலித்தது. ஒரேவகைத் திரான்சிற்றர்கள் இருபது வருவித்து, ஒவ்வொன்றாகச் செருகிக் கண்மூடிக் கேட்டார். இரண்டே தேறின. குற்றமற்ற பதினெட்டையும் வானொலி திருத்தும் அயலவரிடங் கொடுத்துவிட்டார்.