தர்மாமீட்டரில் 39 என்றால் காய்ச்சல் இல்லையா?

கல்யாண ஜவுளி எடுக்கச் சென்னைத் தியாகராய நகருக்குப் போகிறீர்கள். திரும்பும்போது மருந்துக் கடையில் ஒரு டிஜிட்டல் தர்மாமீட்டரும் வாங்கி வருகிறீர்கள். நல்ல காரியந்தான். ஒரு நாள் ராத்திரி குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. அக்குளில் வைத்துப் பார்த்தால் 39 என்று காட்டுகிறது. "நூறுகூட இல்லீங்க, சும்மா சூடுதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அந்த 39, நாம் பழகிய கணக்கில் 102.2. நல்ல காய்ச்சல்!

படியால் அளந்தாலும் லிட்டரால் அளந்தாலும் அரிசி ஒன்றுதானே? உஷ்ணத்துக்கும் அப்படி இரண்டு அளவு உண்டு. தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. கொதிப்பது செல்சியஸில் 100, ஃபாரன்ஹீட்டில் 212. பத்திரிகையில் "வெயில் சதமடித்தது" என்று போடுகிறார்களே, அது ஃபாரன்ஹீட் நூறு, செல்சியஸில் 37.8தான். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 113! கேட்கும்போதே வேர்க்கிறது. ஆனால் வெயில் ஒன்றுதான்.

கணக்குப் போடுவது சுலபம். செல்சியஸை இரண்டால் பெருக்குங்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 32-ஐக் கூட்டுங்கள். 39-க்கு 78; அதில் 7.8 போக 70.2, 32 சேர்த்தால் 102.2. ராத்திரி நேரத்தில் இதெல்லாம் வராது என்பவர்கள் காலண்டர் அட்டையில் எழுதி வையுங்கள்: 37 என்றால் 98.6; 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104.

அக்குளில் 37.5, அதாவது 99.5 வந்தாலே காய்ச்சல்தான். இரண்டு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு அவ்வளவு இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 35.5-க்கு, அதாவது 95.9-க்குக் கீழே போனாலும் அப்படியே. பச்சைப் பிள்ளைக்கு உடம்பு ஜில்லிட்டுப் போவதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. வழியிலும் தாயின் மார்போடு அணைத்து, போர்த்தியே எடுத்துச் செல்ல வேண்டும். பெரிய பிள்ளையானாலும் வலிப்பு வந்தால், பால் தண்ணீர் இறங்காவிட்டால், துவண்டு கிடந்தால் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பா அளந்து, அம்மா நர்சிடம் சொல்லும்போது எண்ணோடு எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தர்மாமீட்டர் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் 'சி' அல்லது 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சிலவற்றில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும். வாங்கும்போதே கடைக்காரரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.