நிலம் இல்லாதோர் முற்றத்தில் இஞ்சிப் பை

தோட்டத்து வீடுகளில் பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் தாய் முதலில் தேடுவது இஞ்சியும் கொத்தமல்லியும்தான். ஆனால் அந்த இஞ்சித் துண்டையும் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அதன் விலை பல மடங்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. தலைமுறைகளாக மண்ணில் உழைக்கும் மக்களுட் பலருக்கு ஒரு பாத்தி நிலமும் சொந்தமில்லை என்பதே இதன் அடிப்படைக் காரணம். காணி உரிமைக்கான குரல் ஓயக்கூடாது. அதேவேளை, லயத்துச் சுவரோரம் ஓர் உரப்பை வைக்க இன்றே இடமுண்டு.

இஞ்சி வெப்பத்தை விரும்பும் பயிர். நன்கு முளைக்க ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ் தேவை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ சராசரி வெப்பநிலை 16 பாகை அளவே. குளிர்ந்த ஈர நிலத்தில் கிழங்கு எளிதில் அழுகும். பையிலுள்ள செடியை வெயிலுக்கு நகர்த்தலாம், அடைமழைக்கு ஒதுக்கலாம்.

செய்முறை எளிது. பெப்ரவரி முடிவில், இரண்டு மூன்று முளைக்கண்கள் உள்ள துண்டுகளை வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின், சற்றே ஈரமான தும்புத்தூளில் புதைத்து அடுப்படியில் வையுங்கள். அடுப்பின் சூடு முளையை எழுப்பும்.

முளை கண்டதும், நன்கு கழுவி அடியில் துளையிட்ட உரப்பையின் வாயை மடித்துவிட்டு, மண், மக்கிய சாணம், தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து பாதிக்கு நிரப்புங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். செடி உயர உயர மண் சேர்த்து, மடிப்பை உயர்த்துங்கள். கிருமிநாசினி வந்த கலன்களை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

பையைக் கற்களின்மேல், வெயில் படும் சுவரோரம், கூரைத் தண்ணீர் விழாத இடத்தில் வையுங்கள். இலை மஞ்சளானதும் நீரை நிறுத்தி, சனவரிப் பனிக்கு முன் கிழங்கை எடுத்துவிடுங்கள். உயர்ந்த தோட்டங்களில் விளைச்சல் குறைவுதான். வீட்டுத் தேவைக்குப் பயன்படும். மஞ்சளைத் தாழ்ந்த தோட்டத்தார் இதே முறையில் வளர்க்கலாம்.

குளிரைத் தாங்கும் வசம்பு பழைய வாளிச் சேற்றிலும் வளரும். ஆயினும் அதைக் குழந்தையின் நாவில் தடவும் வழக்கம் பாதுகாப்பானதன்று, கைவிடுவோம்.

அறுவடையில் நல்ல கிழங்கொன்றை விதைக்கு ஒதுக்குங்கள். இன்னொன்றை அடுத்த காம்பராவுக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு லயம் முழுவதிலும் இஞ்சி முளைக்கும்.