இலங்கைத் தமிழ் அகதிகளும் இந்தியச் சட்டமும்

இலங்கையில் 1983 சூலையில் நடந்த தமிழர் எதிர்ப்பு வன்முறைக்கும் அதைத் தொடர்ந்த போருக்கும் தப்பி, 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பல கட்டங்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்தனர். பலர் பின்னர் திரும்பிச் சென்றனர். 2021 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அளித்த கணக்கின்படி, சுமார் 58,800 பேர் முகாம்களிலும், சுமார் 34,000 பேர் காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாம்களுக்கு வெளியேயும் வசித்தனர். கொங்கு நாட்டில் ஈரோடு மாவட்டம் பவானிசாகர், கோவையை அடுத்த பூலுவபட்டி போன்ற ஊர்களில் முகாம்கள் உள்ளன. இம்மக்களுக்குச் சட்டம் எந்த இடத்தை அளிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அகதி என்னும் சொல்லின் பொருள்

இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியேறியவரே அகதி என்று ஐ.நா.வின் 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை வரையறுக்கிறது. ஆபத்து உள்ள இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. இந்த உடன்படிக்கையிலும், அதை விரிவாக்கிய 1967 ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை.

பிற நாடுகளின் சட்டங்கள்

அடக்குமுறை அரசிலிருந்து தப்பி வருவோருக்காகச் சில நாடுகள் தனிச் சட்டமே இயற்றியுள்ளன. வட கொரியாவிலிருந்து வருவோரின் பாதுகாப்புக்கும் குடியமர்வுக்கும் தென் கொரியா 1997 இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கா 2004 இல் வட கொரிய மனித உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. தென் கொரியக் குடியுரிமை பெறும் தகுதி இருப்பதைக் காட்டி வட கொரியர்களுக்கு அகதி நிலையை மறுக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. உதவி கோரும் ஒருவர் சட்டத்தின் பிரிவைச் சுட்டிக் கேட்க முடிகிறது என்பதே இத்தகைய சட்டங்களின் பயன்.

இந்தியாவில் உள்ள நிலை

இந்தியச் சட்டத்தின் பார்வையில் அகதியும் ஒரு வெளிநாட்டவரே. நெடுங்காலம் 1946 ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் இருந்தது. 2025 இல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமையால் வரும் நடவடிக்கைகளிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. இது ஓர் ஆணை மட்டுமே, குடியுரிமை அன்று.

அரசியலமைப்பின் 14 ஆவது பிரிவும் (சட்டத்தின் முன் சமம்) 21 ஆவது பிரிவும் (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மனிதருக்கும் உரியவை. 1996 இல் அருணாச்சலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கும் உரிமையைத் தரும் 19 ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

பிறந்த தேதியும் குடியுரிமையும்

1955 ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1 க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், சில விலக்குகள் தவிர, பிறப்பால் குடிமகனே. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 திசம்பர் 3 முதல், மற்றொருவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் வந்தவர் இச்சொல்லில் அடங்குவார். குண்டுவீச்சுக்குத் தப்பிப் படகேறியவர் கடவுச்சீட்டுடன் வருவது எப்படி?

ஓர் எடுத்துக்காட்டு: தந்தை இந்தியர், தாய் ஆவணமின்றி வந்த அகதி. 2003 இல் பிறந்த மூத்த குழந்தை குடிமகன். சட்டத்தின் சொற்படி, 2006 இல் பிறந்த இளைய குழந்தை குடிமகன் அல்லன்.

1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அவர் 1987 சூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். 2019 ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய 3 நாடுகளை மட்டும் குறிப்பிடுகிறது. இலங்கை அதில் இல்லை.

கொங்கு நாட்டில் இரு வகையினர்

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் உள்ள மலையகத் தமிழர்களையும் முகாம்களில் உள்ளவர்களையும் பலர் ஒன்றாகவே எண்ணுகின்றனர். முன்னவர்களில் பெரும்பாலோர் 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமையுடன் வந்த 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்கு வேலையளிக்கவே 1968 இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே இன்றைய டான்டீ நிறுவனம். 1983 க்குப் பின் அகதிகளாக வந்தோருக்கு அத்தகைய ஒப்பந்தம் ஏதும் இல்லை.

ஆணையும் உரிமையும்

தமிழ்நாடு அரசு இவர்களுக்கு மாத உதவித்தொகை, நியாயவிலைப் பொருள், கல்வி உதவி ஆகியவற்றை அளித்து வருகிறது. 2021 ஆகஸ்டில் 7,469 வீடுகள் கட்டுவது உள்ளிட்ட ரூ.317.40 கோடித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்னும் பெயரும் சூட்டப்பட்டது. இவை பெரும் உதவிகளே. ஆயினும் ஆணையால் கிடைப்பது ஆணையால் பறிபோகலாம். 1991 இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின், அக்குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத அகதி மாணவர்களின் கல்லூரிச் சேர்க்கை நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் கிடைத்தது. சட்டம் தந்த உரிமையாக இருந்திருந்தால் அதை அவ்வளவு எளிதில் நிறுத்தியிருக்க முடியாது.

2015 இல் மக்களவை உறுப்பினர் சசி தரூர் கொண்டுவந்த புகலிடத் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடநூலில் இந்திய அரசியலமைப்பைப் படித்துத் தேர்ந்த மாணவர் ஒருவர், 18 வயதானாலும் வாக்களிக்க முடியாது. அரசுப் பணித் தேர்வுக்கும் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. அகதி யார், அவருக்குரிய ஆவணம் எது, எத்தனை ஆண்டு வசித்தால் குடியுரிமை கோரலாம் என்னும் 3 வினாக்களுக்கு நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே விடையளிக்கும் வரை, இம்மக்களின் வாழ்வு அரசாணைகளை நம்பியே இருக்கும்.