தூரிகை முனையில் ஒரு கீரி

ஓவிய வகுப்புக்குத் தூரிகை வாங்கும்போது எண்ணையும் விலையையும் பார்க்கிறோம். முடி எந்த விலங்கினுடையது என்று கேட்பதில்லை. பெயரை நம்பவும் முடியாது. 'ஒட்டக முடி' என்று விற்கப்படும் தூரிகையில் ஒட்டக முடி இருக்காது. பெரும்பாலும் அணில் முடிதான்.

ஆடு, பன்றி ஆகியவற்றின் முடி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் விலங்குகளிலிருந்து கிடைக்கிறது. கீரியின் நிலை வேறு. அதை யாரும் பண்ணையில் வளர்ப்பதில்லை. கண்ணியிலும் வலையிலும் சிக்கவைத்துக் கொன்றே முடி எடுக்கிறார்கள். ஒரு கிலோ முடிக்குச் சுமார் 50 கீரிகள் சாகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டையையும் விற்பனையையும் தடை செய்கிறது. ஆனாலும் 2019இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் சோதனையிட்டபோது 50,000க்கும் மேற்பட்ட கீரிமுடித் தூரிகைகள் சிக்கின. தூரிகைத் தொழிலுக்குப் பேர்போன உத்தரப்பிரதேசத்தின் ஷெர்கோட்டும் அவற்றுள் ஒன்று.

கீரி முடியில் வெளிர்நிறமும் கரும்பழுப்பும் பட்டை பட்டையாக மாறிவரும். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். ஆண்டு விழா ஒப்பனைக்கு வாங்கும் தூரிகைக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நைலான் தூரிகை நீரைச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும் என்பது உண்மை. குழந்தைகள் இன்னொரு முறை தோய்த்துக்கொள்வார்கள். எந்தத் தூரிகையானாலும் பருவ முடிவுக்குள் அதை விளக்குமாறு ஆக்கிவிடுகிறவர்கள்தானே! அடுத்த கொள்முதல் பட்டியலில் 'தூரிகை' என்று மட்டும் எழுதாமல் 'நைலான் தூரிகை' என்று எழுதிப் பாருங்கள். ஏன் என்று மாணவர்கள் கேட்டால், அன்றைய அறிவியல் பாடத்தைக் கீரியிலிருந்தே தொடங்கலாம்.