டி.ஓ. பட்டம் பெற்றால் மருத்துவரா? வெளிநாட்டில் ஆஸ்டியோபதி படிக்க விரும்புவோர் அறிய வேண்டியவை

கழக்கூட்டம் (திருவனந்தபுரம்): கேரளத்தில் இருந்து கல்விக்காக வெளிநாடு சென்ற மாணவர்களின் எண்ணிக்கை 5 ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகியுள்ளது. 2018-இல் சுமார் 1.29 லட்சமாக இருந்த இந்த எண்ணிக்கை 2023-இல் சுமார் 2.5 லட்சத்தை எட்டியதாகக் கேரள இடப்பெயர்வு ஆய்வு தெரிவிக்கிறது. 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கைச் சுற்றி வளர்ந்த கழக்கூட்டத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. பிள்ளையை மருத்துவராக்க எண்ணும் பெற்றோர், எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காத நிலையில் வேறு வழிகளைத் தேடும்போது எதிர்ப்படும் பெயர்களில் ஒன்று 'ஆஸ்டியோபதி'. அதற்கான பட்டம் டி.ஓ.

இந்த இரண்டு எழுத்துகளில்தான் குழப்பம் தொடங்குகிறது. இந்திய மருத்துவமனைகளில் டி.ஓ. என்றால் கண் மருத்துவப் பட்டயம் என்றே பலரும் புரிந்துகொள்வர். அமெரிக்காவில் அது முழுமையான மருத்துவப் பட்டம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபதி படித்தவர் மருத்துவர் அல்லர். கைகளால் தசை, மூட்டு, முதுகெலும்புக்குச் சிகிச்சை அளிக்கும் தனித் துறையினர். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு தொழில்கள் இருப்பதை அறியாமல் சேர்க்கைக் கட்டணம் செலுத்தினால், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

போரில் இருந்து பிறந்த முறை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1864-இல் தம் பிள்ளைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகள் மீது நம்பிக்கை இழந்த அவர், உடலின் கட்டமைப்பைச் சீராக்கினால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற கருத்தை 1874-இல் முன்வைத்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். வர்மமும் களரி உழிச்சலும் வழக்கில் உள்ள தென் திருவிதாங்கூர் மக்களுக்கு, கைகளால் நோய் தீர்க்கும் எண்ணம் அந்நியமானதன்று.

ஆனால் அமெரிக்காவில் இந்த முறை அங்கேயே நின்றுவிடவில்லை. மருந்தியல், அறுவைச் சிகிச்சை என அனைத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டு நவீன மருத்துவத்துடன் கலந்தது. அதற்குரிய மதிப்பு எளிதில் கிடைக்கவில்லை. 1962-இல் கலிபோர்னியாவில் ஆஸ்டியோபதி மருத்துவர்கள் சுமார் 2 ஆயிரம் பேர் 65 டாலர் கட்டணம் செலுத்தித் தங்கள் டி.ஓ. பட்டத்தை எம்.டி. பட்டமாக மாற்றிக்கொண்டனர். அம்மாநிலத்தில் டி.ஓ. பட்டதாரிகளுக்குப் புதிய உரிமம் வழங்குவதும் நின்றது. 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே உரிமம் மீண்டும் வழங்கப்பட்டது. ஒரு பட்டத்தின் மதிப்பை அதன் பாடத்திட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதை ஏற்கும் சட்டமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்று 50 மாநிலங்களிலும் டி.ஓ. மருத்துவருக்கும் எம்.டி. மருத்துவருக்கும் ஒரே உரிமைகள்தான். மருந்து எழுதலாம், அறுவைச் சிகிச்சை செய்யலாம், எந்தச் சிறப்புப் பிரிவிலும் பயிற்சி பெறலாம். இரு தரப்பினருக்கும் தனித்தனியே இருந்த முதுநிலைப் பயிற்சி அங்கீகார முறைகள் 2020-இல் ஒன்றாக்கப்பட்டன. அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் சுமார் நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரிகளில் படிக்கிறார்.

11 ஆண்டுகள், கோடிகளில் செலவு

பிளஸ் 2 முடித்தவுடன் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் சேர முடியாது. முதலில் இளநிலைப் பட்டம் பெற வேண்டும். அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள் இருக்க வேண்டும். பின்னர் 'எம்கேட்' நுழைவுத் தேர்வு. அதன் பிறகே 4 ஆண்டு டி.ஓ. படிப்பு. முதல் 2 ஆண்டுகள் பெரும்பாலும் வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் கழியும். அடுத்த 2 ஆண்டுகள் மருத்துவமனைகளில் சுழற்சி முறைப் பயிற்சி. எம்.டி. பாடங்களுடன் கைச்சிகிச்சை முறையில் சுமார் 200 மணி நேரக் கூடுதல் பயிற்சியும் உண்டு. படிப்புக்குப் பின் குறைந்தது 3 ஆண்டுகள் 'ரெசிடென்சி' எனப்படும் முதுநிலைப் பயிற்சி. கூட்டிப் பார்த்தால் 11 ஆண்டுகள்.

வெளிநாட்டு மாணவர்களை எல்லா டி.ஓ. கல்லூரிகளும் சேர்ப்பதில்லை. சேர்க்கும் கல்லூரிகள் பலவும், பாடங்களில் குறிப்பிட்ட அளவையேனும் அமெரிக்கக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றன. பல கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. ஒரு டாலர் 85 ரூபாய் என்று கணக்கிட்டாலே 4 ஆண்டுகளுக்கு 1 கோடியே 70 லட்சம் ரூபாய். இளநிலைப் படிப்புச் செலவும் தங்குமிடமும் உணவும் தனி. அமெரிக்க அரசின் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவர்களுக்கு இல்லை. தனியார் கடனுக்கு அந்நாட்டுக் குடிமகன் ஒருவரின் பிணை பெரும்பாலும் கேட்கப்படும். சில கல்லூரிகள் வரும் ஆண்டுகளின் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கிவைக்கச் சொல்வதும் உண்டு.

எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவர், ரெசிடென்சியின்போது வேறு விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கு எல்லா மருத்துவமனைகளும் முன்வருவதில்லை.

இந்தியா திரும்பினால்?

பெரும்பாலானோர் கடைசியாகக் கேட்கும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். படித்த நாட்டில், அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவம் செய்யும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இந்தியா திரும்பிய பின் தகுதித் தேர்வும், மேலும் 12 மாத மேற்பார்வைப் பயிற்சியும் உண்டு.

அமெரிக்க டி.ஓ. படிப்பு 4 ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள். விதி கேட்பது 54. உள்ளிருப்புப் பயிற்சிக்கு இணையான ரெசிடென்சி பெரும்பாலும் வேறொரு மருத்துவமனையில் நடக்கிறது. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. நீட் தேர்விலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க நீட் தேர்ச்சி கட்டாயம். அந்த மதிப்பெண் 3 ஆண்டுகளுக்கே செல்லும். பிளஸ் 2 முடித்து நீட் எழுதி, அமெரிக்காவில் 4 ஆண்டு இளநிலைப் படிப்பை முடிக்கும் மாணவர் டி.ஓ. வகுப்பில் நுழையும்போது அது காலாவதியாகியிருக்கும்.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் முதுநிலைத் தகுதி பெற்று அங்கு மருத்துவராகப் பதியும் உரிமை உள்ளோருக்குத் தகுதித் தேர்வில் இருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடு உள்ளது. எனினும் தம் பட்டத்துக்கு அது பொருந்துமா என்பதை ஆணையத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறாமல் கட்டணம் செலுத்துவது விவேகமாகாது. முகவர்களின் வாய்மொழி உறுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பிரிட்டனில் படித்தால் நிலைமை வேறு. அங்கு 1993-ஆம் ஆண்டின் ஆஸ்டியோபதியர் சட்டப்படி, பொது ஆஸ்டியோபதி மன்றத்தில் பதிந்தவர் மட்டுமே அப்பெயரில் தொழில் செய்யலாம். பள்ளிப் படிப்புக்குப் பின் நேரடியாகச் சேரலாம்; நீட் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டத்துடன் இந்தியா திரும்புபவர் மருத்துவராகப் பதிய முடியாது. பிரிட்டனில் உள்ளது போன்ற தனிச் சட்டமும் இங்கு இல்லை. ஒடிசாவின் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் ஆஸ்டியோபதி படிப்புகளை நடத்துகிறது. அதுவும் மருத்துவப் பட்டம் அன்று.

நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து முதுகுவலியுடன் வீடு திரும்பும் மென்பொருள் ஊழியர்கள் நிறைந்த கழக்கூட்டத்தில் கைச்சிகிச்சைக்குத் தேவை இருக்கவே செய்கிறது. பிசியோதெரபி பட்டம் பெற்ற ஒருவர் கூடுதல் திறனாக ஆஸ்டியோபதி கற்பதில் இழப்பு அதிகம் இல்லை. 'டாக்டர்' பலகை மாட்டும் நோக்குடன் செல்பவரின் கணக்கு வேறு.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்க்கை குறித்து, சென்னையில் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை நடத்தும் 'எஜுகேஷன் யு.எஸ்.ஏ.' ஆலோசனை மையத்தை அணுகலாம். கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களும் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகின்றன. கேரளத்தில் பெற்ற கல்விச் சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் பெற, திருவனந்தபுரத்தில் உள்ள நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்தை நாட வேண்டும்.